ஆமூர் மற்களமும் கொடோகன் பாயும்

மனிதன் படைக்கலம் ஏந்தக் கற்பதற்கு முன்னரே, கையால் பற்றவும் பற்றிய கையினின்று விடுபடவும் கற்றிருத்தல் வேண்டும். அதனாலேயே மற்போர் அறியாத தொல்சமுதாயத்தைக் காண்பது அரிதாகும். தமிழ்மொழியிலும் அப்பழமையின் தடங்கள் உண்டு. விடாப்பிடி, உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி என்னும் சொற்கள் இன்றும் அன்றாடப் பேச்சில் வழங்குகின்றன. போட்டியில் புகுபவனைக் கோதாவில் இறங்கினான் என்றும், தோற்றவனை மண்ணைக் கவ்வினான் என்றும் மக்கள் கூறுகின்றனர். சொற்கள் நிலைத்துவிட்டன, அச்சொற்களுக்குப் பொருளாயிருந்த பிடிகளை அறிந்தோர் அருகிவிட்டனர்.

ஈப்போ நகரில் பயிலும் தமிழ் மாணவன் ஒருவன், மண் கொத்திப் பதப்படுத்திய மற்களத்தை நேரிற் கண்டிருத்தல் அரிது. ஆனால், வெள்ளுடையும் இடைக்கச்சும் அணிந்து பாயின்மேல் பயிலும் ஜூடோக் கலையைத் தொலைக்காட்சியிலேனும் கண்டிருப்பான். பழமையாற் குறைவில்லாத ஒரு கலை மறைய, 1882-ஆம் ஆண்டில் தோன்றிய மற்றொரு கலை உலகெங்கும் பரவியது எவ்வாறு? வீழ்ந்தவனை எழவிடாமல் அமுக்கும் பிடி ஒன்றையும், அதனின்று விடுபடும் முறையையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

புறநானூற்றில் ஒரு பிடி

உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். அந்நூலின் 80-ஆம் பாடல் ஒரு மற்போரைக் கண்முன் நிறுத்துகின்றது. பாடியவர் சாத்தந்தையார், பாடப்பட்டவன் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. கள்வளம் மிக்க ஆமூரில் வலிமை வாய்ந்த மல்லன் ஒருவனோடு கிள்ளி பொருது வென்றான். அவனுடைய கால்கள் நின்ற நிலையைப் புலவர் நுட்பமாகக் காட்டுகின்றார். ஒரு கால் மல்லனின் மார்பின்மேல் மடிந்து அழுத்துகின்றது. மற்றொரு கால், அவன் செய்ய முற்படும் சூழ்ச்சியைத் தடுத்து, முதுகின் புறத்தே வளைந்து நிற்கின்றது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலும் ஆகிய இரு முனைகளும் முறியுமாறு மோதி வென்றான் என்கின்றார்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வென்றவனின் இரண்டு கால்களும் ஒரே தொழிலைச் செய்யவில்லை. ஒன்று அழுத்துகின்றது, மற்றொன்று காக்கின்றது. வீழ்த்தியதோடு வெற்றி முடிவதில்லை. வீழ்ந்தவன் விடுபட முயல்வான். அம்முயற்சியை முன்னுணர்ந்து அடைக்க வேண்டும் என்னும் அறிவு அதில் அடங்கியுள்ளது. மற்களத்தின் அருகிருந்து கூர்ந்து நோக்கிய ஒருவரே இவ்வாறு பாடியிருக்க இயலும்.

அதே போரைப் பற்றிய 82-ஆம் பாடலில் சாத்தந்தையார் வேறோர் உவமையைக் கையாள்கின்றார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, இல்லத்தில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து இயங்குமோ, அவ்வளவு விரைவாக நடந்தது அப்போர் என்பது அதன் கருத்து. மற்போரில் வலிமைக்கு நிகராக விரைவும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

கிள்ளியின்மேல் காதல் கொண்ட நக்கண்ணையாரின் பாடல்களும் அடுத்து வருகின்றன. 85-ஆம் பாடலில் ஊரார் இரு பிரிவினராகின்றனர். ஒரு சாரார் வெற்றி அவனுடையது என்கின்றனர். மற்றொரு சாரார் இல்லை என்கின்றனர். நக்கண்ணையாரோ சிலம்பு ஒலிக்க ஓடி, பனைமரம் ஒன்றின் அருகே நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டதாகக் கூறுகின்றார். காதலின் சிறப்பைக் கூறும் இப்பாடல் மற்போர் வரலாற்றிற்கும் ஒரு செய்தியைத் தருகின்றது. பார்த்தோர் அனைவரும் ஒப்பும் வண்ணம் வெற்றியை முடிவு செய்தல் அக்காலத்திலும் எளிதாக இல்லை.

சங்க காலத்திற்குப் பின்னும் மல்லர் மரபு தொடர்ந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் மல்லாடலும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பெருமையோடு தாங்கினான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில் மற்போருக்கெனத் தனிப்பகுதியே உண்டு.

ஆயினும், ஆமூர்க் களத்தின் அந்தப் பிடியை இளைஞன் ஒருவனுக்கு எவ்வாறு கற்பிப்பது? முதலில் எக்காலை மடிப்பது? கீழே கிடப்பவன் எத்திசையில் திரும்புவான்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் பயிற்சி நூல் எதுவும் சங்க காலத்திலிருந்து கிடைக்கவில்லை. பாடல் எஞ்சியது, பாடம் எஞ்சவில்லை.

ஓர் ஆசிரியர் வகுத்த கலை

ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ 1860-ஆம் ஆண்டில் ஜப்பானின் மிக்காகே என்னும் ஊரிற் பிறந்தார். சிறிய உடலினர், இளமையில் வலிய மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். தற்காப்பின் பொருட்டு அவர் ஜுஜுத்சு என்னும் பழைய கலையை நாடினார். 1877-ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், அதே ஆண்டில் ஹச்சினோசுகே ஃபுக்குடா என்பவரிடம் பயிற்சியைத் தொடங்கினார்.

அப்பயிற்சியைப் பற்றிக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும். குரு அவரை வீழ்த்தினார். கை எங்கே இருந்தது, கால் எவ்வாறு நகர்ந்தது என்று மாணவர் வினவினார். குருவோ விளக்கம் கூறாமல் மீண்டும் வீழ்த்தினார். மறுபடி வினவியபோது மறுபடி வீழ்த்தினார். பலமுறை வீழ்ந்தால் தானே விளங்கும் என்பது அவர் கருத்து. இம்முறை முற்றிலும் தவறன்று. உடலால் கற்க வேண்டியதை உடலே கற்கின்றது. எனினும், ஏன், எவ்வாறு என்னும் வினாக்களைக் கானோ கைவிடவில்லை.

1882-ஆம் ஆண்டில், தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோவிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிற்றிடத்தில், ஒன்பது மாணவர்களுடன் அவர் கொடோகன் என்னும் பயிற்சியகத்தைத் தொடங்கினார். பழைய கலையிலிருந்த இடர்மிக்க அடிகளை விலக்கி, எஞ்சியவற்றை இனம் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் பெயரும் வரிசையும் தந்தார். 1883-ஆம் ஆண்டில் ஷிரோ சைகோ, சுனேஜிரோ தோமித்தா ஆகிய இருவருக்கும் முதல் தகுதிநிலையை வழங்கினார். யார் எந்நிலையில் உள்ளார் என்பதை மாணவரும் ஆசிரியரும் அறிந்துகொள்ள இம்முறை வழிவகுத்தது.

கானோவின் வாழ்நாள் தொழில் ஆசிரியப்பணியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1893-ஆம் ஆண்டில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தோக்கியோ உயர்நிலைப் பயிற்சிக் கல்லூரியின் தலைவரானார். இடையிடையே விலகியிருந்த போதிலும், 1920 வரை அப்பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய கோபுன் கல்விக்கூடத்தில் பயின்றவர்களுள் எழுத்தாளர் லூ சுன்னும் ஒருவர். 1909-ஆம் ஆண்டில் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியராகவும் கானோ விளங்கினார். கொடோகனில் பயின்றோர் பள்ளிகளுக்கு ஆசிரியராய்ச் சென்றனர். அவர்களுடன் ஜூடோவும் சென்றது.

பிடியின் இலக்கணம்

ஜூடோவில் எதிரியை மல்லாத்தி நிலத்தோடு அமுக்கி வைக்கும் பிடிகள் ஒரு தனியினமாகும். அவற்றுள் தொடக்க மாணவர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கேசா கத்தமே என்னும் பிடியே. கத்தமே என்பது இறுக்கி நிறுத்தலைக் குறிக்கும். கேசா என்பது பௌத்தத் துறவியர் தோளின் குறுக்கே அணியும் ஆடை. காஷாயம் என்னும் வடசொல்லே பௌத்தத்தோடு கிழக்கே சென்று ஜப்பானிய மொழியில் கேசா ஆயிற்று. மேலாடை மார்பின் குறுக்கே சரிந்து கிடப்பது போலப் பிடிப்பவனின் உடல் எதிரியின் மார்பின் குறுக்கே சரிந்து அமைவதால் இப்பெயர் வந்தது.

பிடியின் அமைப்பு வருமாறு: எதிரி மல்லாந்து கிடக்க, பிடிப்பவன் அவனுடைய வலப்பக்கத்தில் விலாவோடு ஒட்டி அமர்கின்றான். வலக்கை எதிரியின் கழுத்தின் பின்னே சென்று வளைக்கின்றது. இடக்கை எதிரியின் வலக்கைச் சட்டையை முழங்கைக்கு அருகே பற்றி, அக்கையைத் தன் இடப்பக்க அக்குளில் இடுக்கிக்கொள்கின்றது. வலக்கால் எதிரியின் தலைப்பக்கமாக முன்னே நீள்கின்றது. இடக்கால் மடிந்து பின்னே விரிகின்றது. தலை தாழ்ந்து, உடற்பாரம் முழுவதும் எதிரியின் மார்பின்மேல் இறங்குகின்றது.

தொடக்க மாணவர்கள் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும் என்று எண்ணிக் கையின் வலிமையைச் செலவிடுவர், இது பெரும்பிழை. உண்மையில் இப்பிடியின் உயிர் இடக்கை இடுக்கிய சட்டைக்கையில் உள்ளது. அக்கை அகப்பட்டிருக்கும் வரை, எதிரி முழங்கையை நிலத்தில் ஊன்றிப் புரள இயலாது. பாரத்தைத் தன் இடுப்பின்மேல் வைத்து நிமிர்ந்து அமர்வது மற்றொரு பிழை. கால்களை நெருக்கி வைப்பது மூன்றாவது பிழை. கால்கள் அகன்றிருந்தாலன்றி, எதிரி புரட்டும்போது தாங்கி நிற்க முடியாது. ஆமூரில் கிள்ளியின் ஒரு கால் அழுத்த, மற்றொரு கால் காத்தது போன்று, இங்கும் பாரம் அழுத்துகின்றது. விரிந்த கால்கள் காக்கின்றன.

இவ்வொப்புமையைக் கொண்டு ஜூடோ தமிழகத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்றது என்று முடிவு கட்டுதல் தகாது. அதற்குச் சான்றில்லை. மனித உடலின் அமைப்பு எங்கும் ஒன்றாதலின், அதனை அடக்கும் வழிகளும் ஓரளவு ஒத்திருத்தல் இயல்பே. பெருமை தேடிச் சான்றைக் கடந்து செல்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

விடுபடும் வழிகள்

கானோவின் கொடோகனில் நிலப்பிடிகளுக்கென வகுக்கப்பட்ட பயிற்சி வரிசை ஒன்றுண்டு. அமுக்கும் பிடிகள் ஐந்து, கழுத்தை நெரிப்பன ஐந்து, மூட்டுகளை மடக்குவன ஐந்து எனப் பதினைந்து பாடங்கள் அதில் உள்ளன. அமுக்கும் பிடிகளுள் முதலாவது கேசா கத்தமே. ஒவ்வொரு பிடியிலும் கீழே கிடப்பவன் வெறுமனே கிடப்பதில்லை. பல வழிகளில் விடுபட முயல்கின்றான். முடியாதபோதே கையால் தட்டித் தோல்வியை ஒப்புகின்றான். பிடியும் விடுபடுதலும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளாக அமைந்திருப்பது இம்முறையின் தனிச்சிறப்பாகும்.

கேசா கத்தமேயிலிருந்து விடுபட மூன்று வழிகள் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது, பிடித்தவனை நோக்கி ஒருக்களித்துத் திரும்பி, இடுக்கப்பட்ட முழங்கையை நிலத்தை நோக்கி அழுத்தி, இடுப்பை இறால் துள்ளுவது போல் பின்னுக்கு நகர்த்திக் கையை உருவிக்கொள்வது. முழங்கை நிலத்தைத் தொட்டால் பிடியின் பாதி தளர்ந்துவிடும். பின்னர் முழந்தாளிட்டு எழலாம். இரண்டாவது, பிடித்தவனின் இடுப்பை இரு கைகளாலும் கட்டி, தன் இடுப்பை அவன் உடலோடு நெருக்கி, பாதங்களை ஊன்றிப் பாலம் போல் வளைந்து, தன் இடத்தோளுக்கு மேலாக அவனைப் புரட்டுவது. மூன்றாவது, உடலைத் திருப்பிப் பிடித்தவனின் பின்காலைத் தன் கால்களுக்கிடையே சிக்கவைப்பது. போட்டியில் கால் சிக்கினால் பிடி முறிந்ததாக நடுவர் அறிவிப்பார்.

இம்மூன்றினுள் ஒன்று மட்டும் தனித்துப் பயன்படுதல் குறைவு. முதல் முயற்சியைத் தடுக்கப் பிடித்தவன் பாரத்தை ஒருபுறம் சாய்ப்பான். சாய்ந்த அக்கணமே இரண்டாம் முயற்சிக்கு உரிய காலம். திருக்குறளில் வலியறிதலை அடுத்துக் காலமறிதல் வைக்கப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். போரிடும் ஆட்டுக்கடா பின்வாங்குவது பாய்வதற்கே என்று வள்ளுவர் காட்டும் உவமை, பாயின்மேல் கிடந்து மூச்சை அடக்கிக் காலம் பார்க்கும் மாணவனுக்கும் பொருந்தும். தொடர்ந்து திமிறுபவன் விரைவில் களைத்துப் போகின்றான். சிறு இடைவெளியை உண்டாக்கி, அதனை இழக்காமல், அடுத்த இடைவெளியைத் தேடுபவனே எழுகின்றான்.

இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் வீழும் முறையையும், தட்டியவுடன் விடும் ஒழுக்கத்தையும் கற்பித்தல் வேண்டும். கழுத்தை நெரிக்கும் பிடிகள் சிறுவர்க்கு உரியன அல்ல. தட்டியவுடன் கை தளர வேண்டும் என்னும் நெறியில்லையேல் கலை கொடுமையாகிவிடும்.

சாந்திநிகேதன் முதல் தோக்கியோ வரை

ஜூடோ இந்தியாவிற்குள் ஒரு கவிஞரின் வழியாகவும் நுழைந்தது. இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனில் 1905-ஆம் ஆண்டிலேயே ஜின்னோசுகே சானோ என்னும் ஜப்பானியர் இக்கலையைக் கற்பித்தார். பின்னர் 1929-ஆம் ஆண்டில் தாகூரின் அழைப்பை ஏற்று ஷின்சோ தக்காகாக்கி அங்கு வந்து ஏறத்தாழ ஈராண்டுகள் பயிற்றுவித்தார். பெண்களும் அதனைக் கற்றனர் என்பது அக்காலத்தில் புதுமையாகும்.

கானோ 1938-ஆம் ஆண்டில், கெய்ரோவில் நடைபெற்ற ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே மறைந்தார். 1964-ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. எடைப்பிரிவுகள் மூன்றிலும் ஜப்பானியரே வென்றனர். எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப்போட்டியில் ஜப்பானின் அக்கியோ கமினாகாவும் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்கும் மோதினர். கீசிங் இறுதியில் கமினாகாவை நிலத்தில் அமுக்கி முப்பது விநாடி எழவிடாமல் வைத்து வென்றார். அவர் பயன்படுத்திய பிடி, தொடக்க மாணவன் முதலிற் கற்கும் அதே கேசா கத்தமேயாகும்.

வெற்றிக் களிப்பில் நெதர்லாந்து நாட்டினர் சிலர் பாயை நோக்கி ஓடிவர, கீசிங் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவரோடு முறைப்படி வணங்கிய பின்னரே மகிழ்ச்சிக்கு இடம் தந்தார். தம் கலையில் அயலார் ஒருவர் வென்றதைக் கண்டு ஜப்பானியர் வருந்தினர். ஆயினும் பிறர் கற்று வெல்லும் அளவிற்குத் தெளிவாகக் கற்பிக்கப்பட்டதாலேயே அக்கலை உலகக்கலை ஆயிற்று. ஆமூரில் வென்றவர் யாரென்று ஊரார் இருபிரிவாய்ப் பிரிந்தனர். தோக்கியோவில் விநாடிகள் எண்ணப்பட்டமையால் அவ்வையத்திற்கு இடமில்லை. இன்று முழுவெற்றிக்கு இருபது விநாடி போதுமென விதி மாறியுள்ளது.

பேராவின் பால்மரக் காடுகளில்

ஜப்பானைப் பற்றிப் பேசும்போது பேராத் தமிழர்கள் கலையை மட்டும் நினைத்தல் இயலாது. 1941 டிசம்பரில் மலாயாவிற்குள் நுழைந்த ஜப்பானியப் படை அம்மாத இறுதிக்குள் பேராவின் பெரும்பகுதியைப் பிடித்தது. கம்பாரில் 1942 ஜனவரி 2 வரை கடும்போர் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில், தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையின் ஓரத்தில் மாண்டோர் பலர். போருக்கு முன் ஜப்பானியப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டிருந்த ஜூடோவும் படைப்பயிற்சியின் சாயலைப் பெற்றிருந்தது. போர் முடிந்ததும், 1945-இல் பள்ளிகளில் அது தடை செய்யப்பட்டு, 1950-இல் மீண்டும் இடம்பெற்றது. தட்டியவுடன் விடும் நெறியை உலகிற்குக் கற்பித்த நாட்டின் படையே, தட்டியும் விடாத பிடியில் எளியோரை வைத்திருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவதுதான் நேர்மையான வரலாறாகும்.

பேராவின் தோட்டங்களில் தமிழரின் உடற்கலைகள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டில் ஹியூ லோ நட்ட கன்றுகளின் வழியே பேராவில் இரப்பர் வேரூன்றியது. பின்னர் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ, சித்தியவான் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. காலையில் பால்வெட்டி முடித்தவர்கள் மாலையில் தோட்டத் திடலில் சிலம்பம் பயின்றனர். இளைஞர்கள் சடுகுடு ஆடினர். சடுகுடுவும் பிடித்தலும் விடுபடுதலுமாகிய ஆட்டமே. பாடிச் சென்றவனைக் காலிலும் இடுப்பிலும் பற்றி அமுக்குவர்; அவனோ மூச்சு அறுபடும் முன் கோட்டைத் தொட முயல்வான். முழங்கையை ஊன்றிப் புரள்வதும், இடுப்பை வளைத்து நழுவுவதும் தோட்டச் சிறுவர்கள் ஆசானின்றியே கண்டறிந்த வித்தைகள். அவ்வாட்டமும் எழுதப்பட்ட விதிகளைப் பெற்ற பின்னரே கபடி என்னும் பெயரில் 1990-ஆம் ஆண்டுப் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது.

சிலம்பத்தின் நிலை வேறு. அது ஆசானின் கையிலிருந்து மாணவன் கைக்கு நேரே சென்றது. ஆசான் வாழ்ந்த லயத்தையும் ஆடிய திடலையும் நம்பியிருந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களை நோக்கிச் சிதறின. ஆசான் ஓரூரும் மாணவர் வேறூருமாயினர். திடல் மறைந்தபோது, அத்திடலை மட்டுமே பள்ளியாகக் கொண்டிருந்த அடிவரிசைகளும் பல இடங்களில் மறைந்தன. சங்க காலத்து மற்பிடிக்கு நேர்ந்தது ஒரு தலைமுறைக்குள் மீண்டும் நேர்ந்தது.

கானோவின் ஆசான்களுடைய கலைக்கும் இத்தகைய ஆபத்து வந்திருந்தது. ஜப்பான் மேலைநாட்டு வழியில் விரைந்து மாறிய காலத்தில், ஜுஜுத்சு ஆசான்கள் மாணவரின்றி வாடினர். அதனை மீட்டது, ஓர் ஆசிரியர் அமர்ந்து, இது முதற்பாடம், இது இரண்டாம் பாடம், இதனின்று விடுபடும் வழி இது என்று வகுத்த பணியாகும்.

பேரா மாநிலத்தில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த ஊர்களில் சிலம்பத்தின் அடிவரிசைகளையும் சடுகுடுவின் நுணுக்கங்களையும் உடலில் தாங்கிய முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்கள் காட்டும் ஒவ்வோர் அடிக்கும் பெயர் கேட்டு, கால் நின்ற இடத்தையும் கை சென்ற வழியையும் வரைந்து, எளிதிலிருந்து அரிதிற்கு வரிசைப்படுத்தி எழுதி வைப்பது தமிழாசிரியர்களால் இயலும் பணியே. புறநானூற்று 80-ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது, அருஞ்சொற்பொருளோடு நில்லாமல், இரு மாணவர்களைக் கொண்டு அக்கால்களின் நிலையைப் பாதுகாப்பாக நிகழ்த்திக் காட்டினால், ஒரு கால் ஏன் மார்பிலும் மற்றொன்று ஏன் முதுகின் புறத்தும் இருந்தது என்பது அவர்களுக்கு விளங்கும். சாத்தந்தையார் பார்த்ததை மாணவரும் பார்ப்பர்; பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கமும் அங்கிருந்தே தொடங்கும்.